எந்தக் கோயிலுக்கு மொட்டை?

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். முழங்கால் வலிக்குத் தோதாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்தாள்.

“மிஸ்ஸி, என்னைத் தெரியுதா?”

பணி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் பலருக்கு என் பெயர் ‘மிஸ்ஸி’தான். ஆனால் பெரியவளாகிவிட்ட பிள்ளையின் முகத்தில் ஆறு வயது முகத்தைத் தேடுவது சுலபமில்லை. அவள் புருவத்துக்கு மேலே இருந்த சின்னத் தழும்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வார்டில் கட்டிலிலிருந்து குதித்து வாங்கிய தழும்பு அது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த வசவும் ஞாபகம் வந்தது.

பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளுடைய அம்மா வேகமாக வந்தார். என்னைக் கை கழுவும் இடத்துக்கு அழைத்துப்போய், “மிஸ்ஸி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்த மேசையிலதான் இருக்காங்க. ஆஸ்பத்திரியில பழக்கம்னு மட்டும் சொல்லிடாதீங்க, புண்ணியமாப் போகும்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளையின் தாயாரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்: “இவங்க நாங்க முன்ன இருந்த தாமான்ல பக்கத்து வீட்டு அக்கா.” நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தலையையும் ஆட்டினேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குடும்பத்துக்காக நான் சொன்ன இரண்டாவது பொய் இது.

முதல் பொய்யைச் சொல்ல இருபது வருடம் பின்னால் போகவேண்டும். அதற்கு முன் ஒரு வார்த்தை: இதை எழுதலாம் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மொட்டையை மட்டும் மாற்றவில்லை.

அவளுக்கு வந்தது ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. டாக்டர்கள் சுருக்கமாக ‘ஏ.எல்.எல்.’ என்பார்கள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். 1960-களின் தொடக்கம்வரை இது வந்த பிள்ளைகளில் அநேகமாக யாரும் பிழைக்கவில்லை. இப்போது நிலைமையே வேறு. 2003-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து தொடங்கிய ‘மா-ஸ்போர்’ ஆய்வில் 556 பிள்ளைகள் சிகிச்சை பெற்றார்கள். ஆறு ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 88 பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 2012-இல் முடிவு வந்தது. பணக்கார நாடுகளின் கணக்குக்கு ரொம்பத் தூரமில்லை. பிழைத்த பிள்ளைகள் இன்றைக்கு நம்மிடையே ஆசிரியராக, வங்கி ஊழியராக, லாரி ஓட்டுநராக நடமாடுகிறார்கள். இவர்களில் யாருக்கு இந்த நோய் வந்து போனது என்று நம் ஆட்கள் மத்தியில் மட்டும் அநேகமாக யாருக்கும் தெரியாது.

சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நடக்கும். முதல் சில வாரங்களிலேயே முடி கொட்டிவிடும். அந்த நேரத்தில் ஒரு நாள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே எடுக்க லிஃப்ட்டில் கொண்டுபோனேன். அம்மா கூட வந்தார். லிஃப்ட்டில், வேறு யாரையோ பார்க்க வந்த ஒரு பாட்டி நின்றிருந்தார். பிள்ளையின் தலையைத் தடவி, “அடி என் தங்கம், எந்தக் கோயிலுக்கு மொட்டை?” என்று ஆசையாகக் கேட்டார்.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். “பத்துமலைக்குங்க. தைப்பூசத்துக்கு.”

பாட்டிக்குச் சந்தோஷம். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது. அம்மா நன்றியோடு என் தோளைத் தொட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அதுவே பதிலாகிப்போனது. தாமானில் கேட்டவர்களுக்கு, உறவுக்காரர்களுக்கு, பிறகு பள்ளிக்கூடத்தில், எல்லாருக்கும் பத்துமலை மொட்டைதான். முகமூடிக்குச் சளி. இளைத்ததற்கு ‘ரத்தக் குறைவு’. பிள்ளையிடமும் அதே ரத்தக் குறைவுதான்.

வார்டில் நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. மலாய்க்காரப் பெண் பிள்ளை மொட்டைத் தலைக்குத் தூடோங் போட்டுக்கொள்ளும். சீனப் பிள்ளைக்குத் தொப்பி. நம் பிள்ளைக்கு மொட்டை என்பதே ஒரு நல்ல காரியம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பதினான்கு வருடம் அந்த வார்டில் இருந்தேன். இந்தப் பதிலை எத்தனை தாய்மாருக்கு நான் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கருணை என்று நினைத்தேன்.

கல்யாண வரவேற்பு முடிந்த மறுவாரம் அவள் போன் செய்தாள். ஒரு மாமாக் கடையில் சந்தித்தோம். தே தாரிக் ஆறும்வரை வேலையைப் பற்றியே பேசினாள். பிறகு கேட்டாள்: “மிஸ்ஸி, லிஃப்ட்ல நீங்க பத்துமலைன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வயது. மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

“ஊசி, வாந்தி, அதெல்லாம் அவ்வளவா ஞாபகம் இல்ல மிஸ்ஸி. அம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் மாத்தி மாத்திச் சொன்னதுதான் ஞாபகம் இருக்கு. நான் என்னமோ தப்பு செஞ்சிருக்கேன், அதைத்தான் எல்லாரும் மறைக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

அதற்கப்புறம் அவள் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத கதை. சிகிச்சை முடிந்தது. முடி வளர்ந்தது. ஒன்பது வயதில் தோள்வரை வந்துவிட்டது. முதல்முறையாக இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்குப் போனாளாம். அந்த வருடத் தைப்பூசத்தின்போது அம்மா பத்துமலைக்கு அழைத்துப் போனார். ஆற்றோரம் நாவிதர் முன்னால் உட்கார வைத்தார். சாமி பெயரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டோம், அது பிள்ளைக்குத்தானே வந்து சேரும் என்று அந்தத் தாய்க்கு மூன்று வருடமாகப் பயம். பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பிள்ளையிடம் காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

“கத்தி தலையில பட்டதும் கத்த ஆரம்பிச்சுட்டேன் மிஸ்ஸி. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகப்போறோம்னு நெனச்சேன். மறுபடியும் எல்லாம் வரப்போகுதுன்னு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க, பிள்ளை பயப்படுதுன்னு.”

மாமாக் கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லிஃப்ட்டில் ஆரம்பித்து வைத்தது நான்.

இந்தச் சந்திப்புக்குப் பிறகு, பழைய பழக்கத்தில் படிக்க ஆரம்பித்தேன். சிறு வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் மனம் பிறகு எப்படி இருக்கிறது, இனத்துக்கு இனம் அது மாறுகிறதா என்று பல நாடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பெரிய தொடர் ஆய்வில், 1970-க்கும் 1986-க்கும் இடையில் நோய் கண்டு மீண்ட 14,000-க்கும் மேற்பட்டவர்களை, அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதுதான் முதல் செய்தி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் அண்ணன் தம்பிகளைவிட இவர்களில் கூடுதலானோருக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருக்கின்றன. மூளையில் கட்டி வந்தவர்களுக்கும், தலையில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் சிரமம் அதிகம். படிப்பும் வருமானமும் குறைந்தவர்களுக்கும் அப்படியே.

அதே ஆய்விலிருந்து 2005-இல் வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர் மூவரையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. வருமானம், படிப்பு, காப்புறுதி ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் பொதுவான உடல்நிலையில் இன வேறுபாடு பெரிதாக நிற்கவில்லை. மனநிலையில் ஒன்று நின்றது. கறுப்பின மீண்டோர், தங்களுக்கு மனநலக் குறைபாடு இருப்பதாக வெள்ளையரைவிடக் குறைவாகவே சொன்னார்கள்.

இந்த வரியை நான் நாலைந்து முறை படித்தேன். கறுப்பினத்தவருக்கு மன உறுதி அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையாகவும் இருக்கலாம், குடும்பமும் தேவாலயமும் தாங்கிப் பிடித்திருக்கலாம். ஆனால் வார்டில் இருந்தவளுக்கு வேறொன்றும் தோன்றும். கட்டுரை சொல்வது அவர்கள் குறைவாகச் ‘சொன்னார்கள்’ என்பதைத்தான். சொல்லாதது எங்கே போயிற்று என்பதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. அந்தப் பெண்ணிடம் பதினைந்து வயதில் யாராவது ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றுதான் வட்டம் போட்டிருப்பாள். இந்தியப் பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் குறைவு என்று அந்த வட்டங்களும் ஒரு கணக்கில் சேர்ந்திருக்கும்.

கேள்விகளின் மொழியும் ஒரு விஷயம். இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படும் படிவம் ஒன்றில் 18 கேள்விகள். உடல் உபாதை, சோர்வு, பதற்றம் என்று மூன்று பிரிவு. அதில் ஒன்று, நீங்கள் ‘புளூ’வாக உணர்கிறீர்களா என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு மனம் வாடியிருப்பது என்று அர்த்தம். நம் ஆட்களிடம் அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால், என்ன பதில் வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் மனக்கஷ்டத்தை யாரும் மனக்கஷ்டம் என்று சொல்வதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, வயிறு சரியில்லை. கிளினிக்கில் பானடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இளையோரிடம் நடந்த இன்னொரு ஆய்வு என்னை வேறு விதத்தில் யோசிக்க வைத்தது. நோய் தங்களை ஏதோ ஒரு வகையில் வளர்த்தது, வாழ்க்கையின் அருமை புரிந்தது என்று மீண்டவர்கள் சிலர் சொல்வதுண்டு. ஹிஸ்பானிய இளையோரில், வீட்டில் ஸ்பானிஷ் இல்லாமல் பெரும்பாலும் ஆங்கிலம் பேசியவர்களிடம் இந்த உணர்வு குறைவாகத் தெரிந்ததாம். இதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் தமிழ் வீட்டில் பிறந்து, ஆஸ்பத்திரியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தன் நோயைப் பற்றிக் கேட்டு வளரும் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குத் தன் நோயின் பெயர் தமிழில் தெரியாது. பதினைந்து வயதில் அலமாரியில் அகப்பட்ட பழைய சிகிச்சை அட்டையில் ‘ஓன்கோலோஜி’ என்ற மலாய்ச் சொல்லைப் பார்த்து, கணினியில் தட்டித் தெரிந்துகொண்டாள். அம்மாவிடம் போய்க் கேட்கவில்லை. “கேட்டா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க மிஸ்ஸி” என்றாள். ஆக, அம்மா மகளிடம் மறைத்தார். மகளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை மகள் அம்மாவிடம் மறைத்தாள். ஒரே வீட்டில் பன்னிரண்டு வருடம்.

மற்ற இனத்தார் எல்லாரும் திறந்த மனதோடு இருக்கிறார்கள், நாம்தான் மூடி வைக்கிறோம் என்று எழுதினால் வாசிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் அது சரியில்லை. என் கையில் வளர்ந்த ஒரு மலாய்ப் பெண் இன்றைக்கு ஆசிரியை. அவள் நோயைப் பற்றிக் கம்போங் முழுவதற்கும் தெரியும். வேன் வைத்துக்கொண்டு வந்து ‘யாசின்’ ஓதிவிட்டுப் போவார்கள். வார்டு கலகலப்பாக இருக்கும், எனக்கே பொறாமையாக இருக்கும். பெரியவளான பிறகு அவள் என்னிடம் சொன்னது: “எல்லாரும் ‘ஷுகூர்’ சொல்லு, ‘ஷுகூர்’ சொல்லு என்றார்கள், மிஸ்ஸி. எனக்குக் கோபம் வந்தால் அதைச் சொல்ல எங்கள் வீட்டில் இடமில்லை.” சோதனையை இறைவன் தந்தான், ஏற்றுக்கொள்ள வேண்டும். தாங்கிப் பிடித்ததும் அந்த நம்பிக்கைதான், வாயடைத்ததும் அதுதான்.

ஒரு சீனத் தகப்பனார் இருந்தார். பையனின் ரத்த அணுக் கணக்கைத் தினமும் எக்ஸர்சைஸ் புத்தகத்தில் எழுதி, வரைபடம் போடுவார். டாக்டர்களே அதை வாங்கிப் பார்ப்பார்கள். பையன் பிழைத்து, தவறவிட்ட ஒரு வருடப் படிப்பை டியூஷன் மேல் டியூஷன் வைத்துப் பிடித்து, இப்போது கணக்காளன். சீனப் பெருநாளுக்குத் தவறாமல் போன் செய்வான். இருமினால்கூட மண்டைக்குள் அப்பாவின் வரைபடம் கீழே இறங்குவதாக ஒரு முறை சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நம்மவர்களிலும் காப்பார் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர், மகனுக்கு இன்ன நோய் என்று டீக்கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் சொன்னார். ரத்தம் தேவைப்பட்டபோது பதினோரு பேர் லாரியிலேயே ஏறி வந்தார்கள். காவலாளி உள்ளே விடவில்லை, அது தனிக் கதை. அந்தப் பையனுக்கும் பிறகு படிப்பு ஏறவில்லை, மனமும் சரியில்லாமல் போனது. ஆனால் அப்பாவிடம் சொன்னான். அப்பா கூட்டிக்கொண்டு போனார். ஆகவே இனம் என்பது தலையெழுத்தில்லை. நான் சொல்லவருவது அதிகம் பார்த்ததை மட்டும்.

நம் வீடுகளில் நான் அதிகம் பார்த்தது கல்யாணப் பயம். பெண் பிள்ளை என்றால், நோய் என்னவென்று டாக்டர் சொல்லி முடித்த அன்றைக்கே, பிழைக்குமா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி இதுதான்: “நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க?” பிறகு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற சண்டை. அப்பா வீட்டார் அம்மா வீட்டைக் காட்டுவார்கள். யாரோ செய்வினை என்பார்கள். யாரோ ஜாதகத்தை எடுப்பார்கள். முப்பது வருடமாகச் சொல்லி அலுத்துப்போனதை இன்னொரு முறை எழுதிவிடுகிறேன். இந்த ரத்தப் புற்றுநோய் தொற்றாது. அம்மா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வருவதில்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. கண்ணில் வரும் கட்டி போன்ற சில வகைகளைத் தவிர, மீண்டவர்கள் பெறும் பிள்ளைக்கு அது போய்ச் சேர்வதும் பொதுவாக இல்லை.

ஆனால் மறைப்பதில் உடம்புக்கும் ஓர் ஆபத்து உண்டு, அதைத்தான் மாமாக் கடையில் அவளிடம் முதலில் கேட்டேன். “கிளினிக்குக் கடைசியா எப்ப போன?” பதினேழு வயதில். “அம்மா போதும்னு சொல்லிட்டாங்க.” சிகிச்சையில் பயன்படும் சிவப்பு மருந்து, டாக்சோரூபிசின், சிலருக்கு வருடங்கள் கழித்து இருதயத்தைப் பலவீனப்படுத்தும். எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதைப் பொறுத்தது. அதைப் பெற்ற பெண், கர்ப்பமாவதற்கு முன்போ கர்ப்பமான முதல் மாதங்களிலோ இருதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும், பிரசவம் பார்க்கும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அறையில், “சின்ன வயசுல ஏதாவது நோய் இருந்ததா?” என்று டாக்டர் கேட்டால் இவள் என்ன சொல்வாள்? ரத்தக் குறைவு என்றா?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்பு விஷயத்தில் இன வேறுபாட்டை மருத்துவம் நன்றாகவே கண்டுபிடித்திருக்கிறது. இந்த நோய்க்கு இரவில் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரை சில பிள்ளைகளுக்கு வழக்கமான அளவிலேயே ரத்த அணுக்களை அடியோடு கீழே தள்ளிவிடும். வார்டில் சீனப் பிள்ளைகள் சிலரிடம் இதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், ஏன் என்று புரிந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு, 2015 வாக்கில்தான் ‘என்.யு.டி.டி.15’ என்ற மரபணு மாற்றம் காரணம், கிழக்காசியரிடமும் ஹிஸ்பானியரிடமும் அது அதிகம் என்று தெரிந்தது. இப்போது ரத்தத்தைச் சோதித்து, அதற்கேற்ப மாத்திரையைக் குறைத்துக் கொடுக்கலாம். மனசு விஷயத்தில் அப்படி ஒரு சோதனை இல்லை. ஆனால் தமிழ் பேசும் ஓர் ஆலோசகர், சிகிச்சை முடிகிற நாளில் தாயையும் பிள்ளையையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவதற்கு மரபணு ஆராய்ச்சி வேண்டியதில்லை. என் காலத்தில் எங்கள் வார்டில் அப்படி ஒருவர் இருந்ததில்லை. தமிழ் தெரிந்த மிஸ்ஸிகள் நாங்கள் இருந்தோம். நாங்கள் பத்துமலை என்று சொல்லிக்கொடுத்தோம்.

இந்நாட்டில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. எந்த ஆய்விலும் ‘இந்தியர்’ என்ற வரிசை மெலிந்துதான் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து எந்தப் புள்ளியியல் நிபுணரும் ஒரு முடிவும் சொல்ல மாட்டார். அந்தப் பத்துப் பேரும் வாயைத் திறக்காவிட்டால் வரிசையே வெறுமைதான். வாசகர்களில் இப்படி மீண்ட ஒருவர் இருந்து, பேச ஆளில்லையென்று நினைத்தால், சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் இருக்கிறது. பழைய கிளினிக் அட்டை கையில் இருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். லிஃப்ட்டுக்கும், கல்யாண மண்டபத்துக்கும் சேர்த்து. “ஐயோ, என்ன மிஸ்ஸி” என்று சங்கடப்பட்டாள். பிறகு, “மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லணும். அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?” என்றாள். பதினைந்து வயதிலேயே தனக்குத் தெரியும் என்பதை அம்மாவிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்வதைவிட அது கஷ்டமாக இருந்தது அவளுக்கு.

சொன்னேன். அந்த அம்மா வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் முதலில் கோபப்பட்டார். “நீங்கதானே மிஸ்ஸி அன்னைக்குச் சொன்னீங்க?” என்றார். ஆமாம் என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. நெடுநேரம் கழித்து எழுந்துபோய், அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கிக் கொண்டுவந்தார். உள்ளே சிகிச்சைப் புத்தகம், மருந்துச் சீட்டுகள், ரத்தக் கணக்கு அட்டைகள் எல்லாம் தேதி வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. ஒரு காகிதமும் தொலையவில்லை. மறைத்து வைத்தவர் எரித்துவிடவில்லை. “அவ பிள்ளை பெறும்போது டாக்டர் கேப்பாங்கன்னு வெச்சிருக்கேன்” என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அவள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். ஈப்போவிலிருந்து திரும்பும் வழியில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில், காருக்குள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, “இப்ப செக்கப் போறியா?” என்று மட்டும் கேட்டானாம். வீட்டில் எப்போது சொல்வது என்பதில் இருவருக்கும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. கல்யாணம் முடியட்டும் என்கிறான் அவன். அதற்கு முன்பே என்கிறாள் இவள். என்னைக் கேட்டால் இவள் பக்கம்தான். ஆனால் என்னை இதில் கேட்பதற்கு நியாயமில்லை.

போன புதன்கிழமை இரவு அந்த அம்மா போன் செய்தார். வரவேற்பில் திரையில் காட்டுவதற்காக இரு வீட்டாரின் சிறு வயதுப் படங்களையும் ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தாயார் படங்களைப் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்டாராம்: “சம்பந்தி, இந்த மொட்டைப் படம் அழகா இருக்கே, எந்தக் கோயிலுக்கு?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“ஒரு நிமிஷம் வாயே வரல மிஸ்ஸி. அப்புறம், கோயில் இல்லம்மா, ஆஸ்பத்திரியில எடுத்ததுன்னு சொல்லிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“‘ஓ, அப்படியா’ன்னாங்க. இப்ப நல்லா இருக்குதானேன்னு கேட்டாங்க. அப்புறம் சேலை பத்திப் பேசினாங்க. மறுபடி கேப்பாங்களா மிஸ்ஸி?”

கேட்பார்கள் என்று சொன்னேன். வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு இருதய ஸ்கேன். பத்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அம்மா பிஸ்கட் டின்னோடு வருகிறார். நானும் போகிறேன்.